பயணத்துக்கு முன் எழுந்த பயண இசை: ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' இசைத்தொகுப்பும் மயிலாப்பூர் வீட்டுப் பஜனை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கறுப்பினப் பெண் இசைக்கலைஞரான ஆலிஸ் கோல்ட்ரேன் 1970 நவம்பரில் தம் வீட்டுப் பதிவுக்கூடத்தில் பதிவுசெய்து 1971-இல் வெளியான 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்னும் இசைத்தொகுப்பை இக்கட்டுரை திறனாய்கிறது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரின் பெயரைத் தாங்கிய இத்தொகுப்பு, இந்தியப் பயணத்தின் விளைவாக எழுந்ததன்று. பயணத்துக்கு முன்னரே எழுந்தது. இக்காலமுறையைக் கருத்திற்கொண்டு தொகுப்பின் தலைப்பு, ஒலியமைப்பு, பதிவு நிகழ்ந்த இடம் ஆகியவை ஆராயப்பெறுகின்றன. வீட்டை வழிபாட்டிசைக்குரிய இடமாகக் கொண்ட மயிலாப்பூர்ப் பஜனை மரபோடு இத்தொகுப்பு ஒப்பிடப்பெறுகிறது. தமிழ்த் துறவி ஒருவரின் வழியாகச் சென்ற ஆன்மிகத்தில் தமிழிசைக்கு இடமில்லாமற் போனமையும் விவாதிக்கப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: ஆலிஸ் கோல்ட்ரேன், சுவாமி சச்சிதானந்தர், வீட்டுப் பதிவு, நாமசங்கீர்த்தனம், பஜனை, ஆற்றுப்படை, திருநாளைப்போவார், பாடபேதம்.

முன்னுரை

சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான ஆன்மிகப் போக்குவரத்து ஒன்றரை நூற்றாண்டுப் பழமையுடையது. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற பிரம்மஞான சபை 1882-இல் தன் தலைமையிடத்தை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்டது. 1893-இல் சிகாகோ சமயப் பேரவைக்குச் சென்ற விவேகானந்தருக்குச் சென்னை அன்பர்கள் பொருளுதவி திரட்டினர். 1897-இல் இராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்து தொடங்கிய பணியே பின்னர் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடமாக வளர்ந்தது. இப்போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் சொற்பொழிவுகளையும் நூல்களையும் கடிதங்களையும் சான்றாகக் கொண்டே எழுதப்பெறுகிறது. அதன் வழியே நிகழ்ந்த இசைப் பரிமாற்றம் தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

அவ்வாறு கவனிக்கத்தக்க ஒன்று ஆலிஸ் கோல்ட்ரேனின் இசை. 1937 ஆகஸ்டு 27 அன்று டெட்ராய்ட் நகரில் பிறந்த அவர், இளமையில் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இசைக்கருவி வாசித்துப் பயின்றவர். காஸ்பெல், புளூஸ் ஆகிய மக்கள் இசை மரபுகள் அவருடைய இசையில் இடம்பெற்றன. 1965-இல் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனை மணந்தார். 1967 ஜூலை 17 அன்று ஜான் மறைந்தார். அதன்பின் ஆலிஸ் தம் பெயரில் இசைத்தொகுப்புகளை வெளியிடத் தொடங்கினார். அவருடைய இசை குறித்து விரிவான நூலெழுதிய பிரான்யா பெர்க்மன், தேவாலய இசையும் பீபாப் மரபும் அவர் படைப்பில் இறுதிவரை இயங்கியமையைக் காட்டியுள்ளார். இக்கட்டுரை அதே படைப்பைத் தமிழ்நிலத்திலிருந்து கேட்க முற்படுகிறது. 'தமிழ்த் துறவி உலகை வென்றார்' என்னும் பெருமித வாசிப்பும், 'மேலைநாட்டார் கீழைத்தேயத்தைக் கற்பனை செய்தனர்' என்னும் எளிய மறுப்பும் ஆகிய இரண்டுமே இத்தொகுப்புக்குப் பொருந்தா என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. தலைப்பும் வேற்றுமையும்

தொகுப்பின் பெயரில் உள்ள 'சச்சிதானந்தா' என்னும் சொல் இருபொருள் தருவது. அது சத்து, சித்து, ஆனந்தம் என்னும் வேதாந்தப் பரம்பொருளையும் குறிக்கும். ஆலிஸின் குருவையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் தங்கிவிடுகின்றன. தமிழில் அதனைச் சொல்ல முற்பட்டால் திணையைத் தேர்ந்தாக வேண்டும். 'சச்சிதானந்தம்' எனின் அஃறிணை. 'சச்சிதானந்தர்' எனின் உயர்திணை. மொழிபெயர்ப்பில் நேரும் இவ்விடர்ப்பாடு இத்தொகுப்பின் மையச் சிக்கலையே காட்டித்தருகிறது. குருவைப் பாடுவதும் குரு சுட்டும் பொருளைப் பாடுவதும் இங்கே பிரிக்கப்படவில்லை.

வேற்றுமை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தலைப்பு 'சச்சிதானந்தத்துக்கு' என்று நான்காம் வேற்றுமையில் அமையவில்லை. 'சச்சிதானந்தத்தில்' என்று ஏழாம் வேற்றுமைப் பொருளில் அமைந்துள்ளது. நான்காம் வேற்றுமை சென்றடையும் இடத்தைச் சுட்டும். ஏழாம் வேற்றுமை பயணம் நிகழும் இடத்தைச் சுட்டும். இத்தலைப்பின்படி பயணி ஏற்கெனவே அப்பொருளுக்குள் இருக்கிறார். பயணமும் அதனுள்ளேயே நிகழ்கிறது.

ஆலிஸின் ஆசிரம காலத்து ஒலிப்பேழைகளிலிருந்து தேர்ந்து 2017-இல் லுவாக்கா பாப் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் இதே பெயரை ஒத்த ஒரு பாடல் இடம்பெற்றுள்ளது. ஆனால் அதன் தலைப்பு 'ஜர்னி டு சச்சிதானந்தா' என்று நான்காம் வேற்றுமைப் பொருளில் அச்சாகியிருக்கிறது. இந்தியாவுக்குச் செல்லாத காலத்தில் 'இல்'. சென்று திரும்பிப் பல ஆண்டுகள் வழிபாட்டில் தோய்ந்தபின் 'கு'. அச்சுத் தலைப்பு ஒன்றன்மீது மிகுந்த பாரத்தை ஏற்றுதல் தகாது. எனினும், நிலப்பயணம் முடிந்தபின் அடையவேண்டிய இடம் அருகில் வந்துவிடவில்லை, மாறாக ஓர் இலக்காக விலகி நின்றது என்று கொள்ள இவ்வேறுபாடு இடந்தருகிறது.

2. செல்லாத பயணம்

தொகுப்பில் ஐந்து உருப்படிகள் உள்ளன. அவற்றுள் நான்கு 1970 நவம்பர் 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் டிக்ஸ் ஹில்ஸ் ஊரிலிருந்த ஆலிஸின் வீட்டுப் பதிவுக்கூடத்தில் பதிவாயின. ஐந்தாவதான 'ஐசிஸ் அண்டு ஓசைரிஸ்' அதே ஆண்டு ஜூலை 4 அன்று நியூயார்க் வில்லேஜ் கேட் அரங்கில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவு. சச்சிதானந்தரைச் சார்ந்து இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்து வாரம் தங்குவதற்கான பயணமோ 1970 டிசம்பருக்கு உரியது. 'ஸ்டாப்ஓவர் பாம்பே' என்னும் மூன்றாவது உருப்படியின் பெயர் அவ்வரவிருக்கும் பயணத்தையே குறிக்கிறது. ஆகவே, கேட்போர் இதனை இந்தியாவைக் கண்டு திரும்பியவரின் இசை என்று எண்ணினால் அது காலமுறைக்கு முரணாகும்.

தமிழ் மரபில் பயண இலக்கியத்தின் மூத்த வடிவம் ஆற்றுப்படை. அதில் பரிசில் பெற்று மீள்பவர் பெறாதவரை வழிப்படுத்துகிறார். சென்று கண்ட அறிவே அவ்விலக்கியத்தின் அதிகாரம். வழியும் நிலமும் உணவும் விரிவாகக் கூறப்படுவதற்கும் அதுவே காரணம். ஆலிஸின் தொகுப்பில் இவ்வமைப்பு இல்லை. வழியறிந்தவர் குரு, இசைப்பவர் இன்னும் புறப்படாதவர். ஆற்றுப்படுத்தப்பட்டவரே தம் வேட்கையை இசைத்த நிலை இது.

இதற்கு நெருக்கமான தமிழ் மாதிரி பெரியபுராணத்தின் திருநாளைப்போவார். தில்லைக்குச் செல்ல விழைந்தும் பிறப்பு காரணமாகத் தயங்கி நாளைத் தள்ளிவைத்தமையே அவருக்குப் பெயராயிற்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் இவ்வேட்கை மேலும் விரிகிறது. நிலவுடைமையாளரான வேதியரின் அனுமதிக்காகக் காத்திருக்கும் நந்தன், காணாத தில்லையைப் பாடிக்கொண்டேயிருக்கிறான். அங்கும் பாட்டு பயணத்துக்கு முந்தியது.

இவ்வொப்புமையைக் கால அமைப்பின் அளவில் நிறுத்திக்கொள்வதே முறை. நந்தனைத் தடுத்தது சாதி. அவன் தீப்புகுந்தே தில்லைக்குள் நுழைய முடிந்தது. ஆலிஸுக்கு இந்தியப் பயணத்தில் அத்தகைய தடை இல்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தார் எதிர்கொண்ட ஒடுக்குமுறையையும் தமிழ்நிலத்துத் தீண்டாமையையும் ஒன்றென்று கூறிவிடுவது இரண்டின் வரலாற்றையும் மழுங்கச் செய்யும். ஆயினும், செல்லாத இடத்தைப் பாடுவது அறியாமையின் விளைவாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அது வேட்கையின் முறையான இசை வடிவமாகவும் அமையும் என்பதை நந்தனார் மரபு தமிழ்க் கேட்பாளருக்கு முன்னரே கற்றுத் தந்துள்ளது.

கீழைத்தேயக் கற்பனை என்னும் குற்றச்சாட்டையும் இவ்விடத்தில் எடைபோடலாம். 'சிவலோகா' என்னும் இரண்டாவது உருப்படியின் பெயர் அக்குற்றச்சாட்டுக்கு இடந்தருவதுபோலத் தோன்றும். ஆனால் அதனை அடுத்து வருவது 'ஸ்டாப்ஓவர் பாம்பே'. அது விமானப் பயணச்சீட்டின் சொல். பம்பாய் அங்கே மாயநகரமாக இல்லை. இடைத்தங்கல் என்ற அளவிலேயே நிற்கிறது. தொகுப்பின் மிகக் குறுகிய உருப்படியும் அதுவே. சிவலோகத்தையும் இடைத்தங்கலையும் அடுத்தடுத்து வைத்தவர் இந்தியாவை முழுவதும் கனவாகக் காணவில்லை என்பது தெளிவு.

3. ஒலியமைப்பு

ஆலிஸ் இத்தொகுப்பில் ஹார்ப், பியானோ ஆகியவற்றை இசைக்கிறார். பாரோ சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்சபோனையும், சிசில் மெக்பீ பாஸையும், ரஷீத் அலி முரசுகளையும், மஜீத் ஷபாஸ் மணிகளையும் தம்பொரினையும், துளசி என்னும் பெயரால் குறிக்கப்பெறும் கலைஞர் தம்புராவையும் இசைக்கின்றனர்.

ஹார்ப்பை 'யாழ்' என்று மொழிபெயர்ப்பது இயல்பாகத் தோன்றும். ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியதாக, மெட்டின்றித் திறந்து கட்டப்பெறும் அமைப்பில் ஹார்ப் வீணையைவிட யாழுக்கே அணித்தானது. மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பயின்று துறவு பூண்ட ஈழத்து அறிஞர் விபுலானந்தர் 1947-இல் வெளியான 'யாழ் நூ'லில் பழந்தமிழ் யாழின் அமைப்பை மீட்டெடுக்க முயன்றார். எனினும், ஆலிஸ் அந்நூலையோ அக்கருவியையோ அறிந்து இசைத்தார் என்பதற்குச் சான்றில்லை. அவர் கையிலிருந்தது மேலைச் செவ்வியல் ஹார்ப். ஆகவே இக்கட்டுரை அதனை ஹார்ப் என்றே குறிக்கிறது.

ஹார்ப்பின் இயல்பு இத்தொகுப்பின் இசைக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. நரம்பை இழுத்துச் சுரத்தை அசைக்க இயலாமையால் அதில் கமகம் அமையாது. கமகம் இல்லாத இடத்தில் கருநாடக இசை கூறும் இராக உரு முழுமை பெறாது. ஆலிஸ் இராகத்தைப் போலிசெய்ய முயலவும் இல்லை. நரம்புகளை விரைந்து வருடிச்செல்லும் ஓட்டத்தையே தம் முதன்மை உத்தியாகக் கொள்கிறார். அவர் இந்திய இசையிலிருந்து எடுத்துக்கொண்டது தம்புராவின் நிலைத்த ஒலியை மட்டுமே. கச்சேரி மேடையில் தம்புரா பாடகரின் பின்னே அமர்ந்து சுருதி காப்பது. கேட்போர் அதனைத் தனியே கவனிப்பது அரிது. இங்கோ தலைப்பு உருப்படியின் தொடக்கத்திலேயே அதன் ஒலி கேட்போரைச் சூழ்கிறது. மெக்பீயின் பாஸ் ஒரே சிறு இசைத்தொடரை மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. நிலைத்த சுருதி, மீளும் தொடர், அவற்றின்மீது விரியும் ஹார்ப்பும் சாக்சபோனும் என மூன்று அடுக்குகள் அமைகின்றன. 'சம்திங் அபவுட் ஜான் கோல்ட்ரேன்' என்னும் உருப்படியில் பியானோவுக்கு மாறும்போது புளூஸின் சாயல் வெளிப்படையாகிறது. தம்புரா அப்போதும் நிற்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் இசையின் நடையை மாற்றாமலே அதன் அடியில் இடப்பெற்ற தரையாகத் தம்புரா இயங்குகிறது என்பதே இவ்வொலியமைப்பு தரும் முடிவு.

4. வீடு என்னும் இடம்

டிக்ஸ் ஹில்ஸ் வீடு ஜாஸ் வரலாற்றில் முன்னரே இடம்பெற்றது. 1964-இல் ஜான் கோல்ட்ரேன் 'எ லவ் சுப்ரீம்' படைப்பை அங்குதான் உருவாக்கினார். ஆனால் அதன் பதிவு அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியிலிருந்த வான் கெல்டர் பதிவுக்கூடத்தில் நிகழ்ந்தது. ஜானின் படைப்பு வீட்டில் உருவாகி வெளியே பதிவானது. ஆலிஸின் படைப்பு உருவானதும் பதிவானதும் ஒரே வீட்டில். நான்கு குழந்தைகளின் தாயாகவும் கணவரை இழந்தவராகவும் இருந்த ஆலிஸுக்கு இல்லமும் தொழிலிடமும் வழிபாட்டிடமும் ஒன்றாயின. எனினும், வெளியிட்டது இம்பல்ஸ் என்னும் பெரிய நிறுவனம். பதிவில் தன்னாட்சியும் விநியோகத்தில் சார்பும் உடைய இடைநிலையே இத்தொகுப்புக்குரியது. முழுத் தன்னாட்சி பின்னர் ஆசிரம ஒலிப்பேழைகளிலேயே கைகூடியது.

வீட்டை வழிபாட்டிசையின் இடமாகக் கொள்ளும் மரபு சென்னைக்குப் புதிதன்று. மானிடவியலாளர் மில்டன் சிங்கர் 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் சென்னையில் களப்பணி செய்து, நகரின் இராதா-கிருஷ்ண பஜனைகளைப் பற்றி 1963-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். போதேந்திரர், ஸ்ரீதர அய்யாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகியோரைக் குருமுதல்வராகப் போற்றும் அம்மரபு, நகரத்துத் தனிவீடுகளின் கூடங்களில் வாரந்தோறும் இயங்கியமையை அக்கட்டுரை பதிவுசெய்கிறது. அவ்வீட்டுப் பஜனைகளில் தேர்ந்த கலைஞரும் சாதாரண அன்பரும் ஒருங்கே பாடினர்; கட்டணமில்லை, மேடையில்லை. சிப்ளாக்கட்டை, ஜால்ரா போன்ற எவரும் இசைக்கத்தக்க கருவிகள் அதற்குப் போதும். ஆலிஸின் தொகுப்பில் மணியும் தம்பொரினும் பெறும் இடம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஆனால் வீட்டுக்கு வாசல் உண்டு. எல்லோரும் சமம் என்னும் கருத்தை அப்பஜனைகள் போற்றினும், அவற்றில் பங்கேற்றோர் பெரும்பாலும் பிராமணர், அவருள்ளும் ஸ்மார்த்தர் என்பதைச் சிங்கரின் ஆய்வே காட்டுகிறது. இல்லம் தனியுடைமை ஆதலால் யாரை அழைப்பது என்பது இல்லத்தாரின் விருப்பம். கோயில் நுழைவுச் சட்டம் போன்ற எதுவும் கூடத்துக்குப் பொருந்தாது. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனை தெருவுக்கு வந்தமையால் கேட்போரின் எல்லை விரிந்தது. பாடுவோரின் எல்லை அதே அளவு விரிந்தது என்று கூறிவிட இயலாது.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போது ஆலிஸின் வீட்டுப் பதிவின் பொருள் தெளிவாகிறது. பெண்ணும் கறுப்பினத்தவரும் ஆகிய ஒருவர், எந்தச் சமய நிறுவனத்தின் அனுமதியையும் வேண்டாமல், தம் இல்லத்தையே வழிபாட்டிசையின் மூலத்தானமாக அமைத்துக்கொண்டார். மயிலாப்பூரில் வீடு மரபைக் காத்தது. காத்ததாலேயே அதனைச் சிலருக்குள் நிறுத்தவும் செய்தது. டிக்ஸ் ஹில்ஸில் வீடு, மரபுக்கு வெளியே இருந்தவருக்கு மரபைத் தொட வழிசெய்தது. வீட்டுப் பதிவு, வீட்டு வழிபாடு ஆகியவற்றை இயல்பாகவே சனநாயகமானவை என்று போற்றும் ஆய்வுகள் இவ்விரு நிலைகளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

5. தமிழ் இல்லாத தமிழ்த் தொடர்பு

சுவாமி சச்சிதானந்தர் 1914 டிசம்பர் 22 அன்று பிறந்தவர். அவருடைய குரு சிவானந்தர் திருநெல்வேலிப் பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் நிலைபெற்றவர். சச்சிதானந்தர் இலங்கையில் பணியாற்றியபின் 1966-இல் அமெரிக்கா சென்றார். 1969 ஆகஸ்டு 15 அன்று வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கிவைத்தார். 2002 ஆகஸ்டு 19 அன்று சென்னையில் மறைந்தார். ஆலிஸின் 'வேர்ல்டு கேலக்ஸி' (1972) தொகுப்பில் அவருடைய குரலே இடம்பெற்றுள்ளது.

குருவும் அவருடைய குருவும் தமிழ்நிலத்தில் பிறந்தவர்கள். ஆயினும் ஆலிஸின் பாடல்களில் தமிழ் இல்லை. 'யூனிவர்சல் கான்சியஸ்னஸ்' (1971) முதல் ஆசிரம ஒலிப்பேழைகள் வரை அவர் எடுத்தாண்டவை பெரும்பாலும் வடமொழி நாமாவளிகளும் வடஇந்தியப் பஜனை வடிவங்களுமே. தேவாரமோ திவ்வியப் பிரபந்தமோ சித்தர் பாடலோ அங்குச் சென்று சேரவில்லை. இது ஆலிஸின் குறையன்று. கடல் கடந்த துறவிகள் ஆங்கில உரையையும் வடமொழி மந்திரத்தையும் உலகப் பொதுமையின் மொழிகளாகக் கொண்டனர்; தமிழ் அவர்களுக்கு ஊர்மொழியாக நின்றுவிட்டது. தமிழ்ப் பக்தி இசையின் உலகளாவிய பரவலை எழுதுவோர், பரவியவற்றைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், பரவாமற் போனவற்றையும் அதற்கான காரணங்களையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

6. ஒலிப்பேழையும் பாடபேதமும்

ஆலிஸ் பின்னர்த் 'துரியா' என்னும் சொல்லைத் தம் ஆன்மிகப் பெயரின் பகுதியாகக் கொண்டார். நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றையும் கடந்த நான்காம் நிலையாகிய துரியம் சைவ சித்தாந்தம் பயில்வோர் நன்கறிந்த சொல். 1983-இல் கலிபோர்னியாவின் அகோரா ஹில்ஸ் பகுதியில் அவருடைய ஆசிரமம் நிலைபெற்றது. ஆசிரமத்து அன்பர்களுக்காக வெளியான ஒலிப்பேழைகளுள் முதலாவதான 'துரியா சிங்ஸ்' (1982) அவர் தம் குரலில் பாடிய முதல் தொகுப்பாகும். அதில் குரலோடு ஆர்கன், செயற்கை ஒலிக்கருவி, நரம்பிசை ஆகியவை கலந்துள்ளன. 2021-இல் 'கீர்த்தன்: துரியா சிங்ஸ்' என்ற பெயரில் இம்பல்ஸ் வெளியிட்டதோ வேறு கலவை, அதில் குரலும் ஆர்கனும் மட்டுமே உள்ளன. இவ்வெளியீட்டுக்குப் பொறுப்பேற்றவர் அவருடைய மகன் ரவி கோல்ட்ரேன்.

இவற்றுள் எது மூலம்? பதிப்பியல் பயின்ற தமிழாய்வாளருக்கு இவ்வினா பழக்கமானதே. 1943-இல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்தின் சுவடிகளும் அப்பெருமகனாரின் பதிப்புகளும் கற்பித்த நெறி ஒன்றுண்டு: ஒரு பாடத்தை ஏற்கும்போது மற்றதை மறைத்தல் கூடாது, வேறுபாட்டைக் குறித்துவைக்கவேண்டும். 2021 கலவையில் குரலின் மூச்சும் தளர்வும் தெளிவாகக் கேட்கின்றன. பக்திப் பாடலுக்கு அதுவே உகந்தது என வாதிடலாம். ஆனால் 1982-இல் அன்பர்களுக்கென ஆலிஸ் தாமே வெளியிட்ட வடிவம் நரம்பிசையோடு கூடியது. எளிமையே ஆன்மிகத்தின் அடையாளம் என்னும் இன்றைய சுவையால் அவ்வடிவம் பின்தள்ளப்படுமாயின், அது ஆசிரியரின் தேர்வைப் பதிப்பாசிரியரின் சுவை மாற்றிய நிகழ்வாகவே ஆகும். இரு வடிவங்களும் அருகருகே கிடைக்கச் செய்வதே நெறி.

முடிவுரை

'ஜர்னி இன் சச்சிதானந்தா' பயணத்துக்கு முன் எழுந்த பயண இசை என்பது பதிவு நாளால் உறுதியாகிறது. அது ஆற்றுப்படையின் அமைப்பைச் சாராமல் திருநாளைப்போவாரின் வேட்கை அமைப்பைச் சார்ந்து நிற்கிறது. ஆயினும் அவ்வொப்புமை சமூகத் தடைகளின் வேறுபாட்டை அழிக்கும் அளவுக்கு நீளாது. ஒலியமைப்பில் இந்திய இராகம் இல்லை. தம்புராவின் சுருதியே உண்டு. அதன்மீது கறுப்பின மக்களின் இசை தன்னியல்போடு விரிகிறது. வீடு என்னும் இடம் ஒருபுறம் மரபைக் காத்து எல்லையிடுவதாகவும் மறுபுறம் எல்லைக்கு வெளியே இருந்தவருக்கு இடந்தருவதாகவும் இயங்குகிறது.

மயிலாப்பூர், தியாகராய நகர் பகுதிகளின் வீட்டுப் பஜனைகளைக் குடும்பத்தார் தாமே பதிவுசெய்த ஒலிநாடாக்கள் எங்கேனும் எஞ்சியிருக்கக்கூடும். அவை வெளியீட்டுக்கென உருவானவை அல்ல ஆதலால் எந்த நூலகப் பட்டியலும் அவற்றைத் தேடிச் செல்லாது. காந்த நாடாவின் ஆயுளும் குறுகியது. ஓலைச்சுவடிகளைத் தேடி வீடுவீடாகச் சென்ற மரபையுடைய தமிழாய்வு, இவ்வொலிநாடாக்களையும் அவ்வாறே தேடிச் சேர்ப்பின், யார் பாடினர், யார் கேட்டனர், யார் வாசலில் நின்றனர் என்னும் வினாக்களுக்கு ஊகத்தால் அன்றிச் சான்றால் விடைகூற இயலும்.